வடக்கே போகும் தண்ணீர்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் வழக்கமாக அக்குறணை வழியே ஏ9 றோட்டைத்தான் பிடிப்பார்கள். தூரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பஸ்ஸும் லொறியும் தோளை உரசிக்கொண்டு போகிற அந்த றோட்டில் மனம் எங்கே நிற்கும்? எனக்குப் பிடித்தது வத்துகாமத்திலிருந்து உக்குவளைக்கு இறங்கும் பக்கம். கோச்சிப் பாதையும் அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. உக்குவளைக்குக் கிட்ட வந்ததும் சுது கங்கையும் சேர்ந்துகொள்ளும். அதன்பிறகு ஆறும் தண்டவாளமும் றோட்டும் சில இடங்களில் கூப்பிடு தூரத்துக்குள், சில இடங்களில் ஒரு கொல்லையின் அகலத்துக்குள், மாத்தளை வரைக்கும் ஒரே திசையில் போகின்றன.

வெளிநாடுகளில் கைவிடப்பட்ட ரயில் பாதைகளின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிடுகிறார்கள். நம் மலைநாட்டிலும் அப்படி ஆகியிருக்க வேண்டிய பாதை ஒன்று இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய குறுகிய பாதை அது. 1940களில் மூடினார்கள், பிறகு அதை யாரும் பாதையாகப் பேணவில்லை. மாத்தளைப் பாதையோ இன்னும் கோச்சி ஓடும் பாதை. அதன்மேல் சைக்கிள் விட முடியாது, விடவும் கூடாது. அதை ஒட்டிய ஊர் றோட்டுகளிலும் ஒழுங்கைகளிலும் போய், கடவைகளில் அதைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் ஆற்றோரமாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். எனக்கு அதுவே கூடுதலாகப் பிடிக்கிறது. ஆள் புழங்காத பாதையில் காட்சிதான் இருக்கும். இங்கே வீட்டு வாசலில் சாக்கை விரித்து மிளகு காயப்போட்டிருப்பார்கள். பச்சை மிளகு காலையில் ஒரு நிறம், மத்தியானத்தில் ஒரு நிறம், பொழுது சாயும்போது கறுத்துச் சுருங்கிக் கிடக்கும். போகும்போது ஒரு தரமும் திரும்பும்போது ஒரு தரமும் பார்க்கிறவனுக்கு அந்த ஒரு நாள் வெயிலின் வேலை முழுவதும் தெரியும்.

இந்தப் பாதை போடப்பட்டது காப்பிக்காக. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது. மாத்தளைக்கு வந்து சேர்ந்தது 1880இல். இடைப்பட்ட காலத்தில் 1869இல் காப்பிச் செடியின் இலைகளில் துரு நோய் விழுந்துவிட்டது. காப்பியை ஏற்றிப்போக மாத்தளை வரை தண்டவாளம் வந்தபோது காப்பி செத்துக்கொண்டிருந்தது. கொக்கோவும் தேயிலையும் றப்பரும் பின்னால் வந்து அந்த இடத்தை நிரப்பின. வடக்குக்கான ரயில் பாதை பொல்காவலையிலிருந்து குருநாகல் வழியாகப் பிரிந்து போனதால், மாத்தளை இன்றுவரை பாதை முடிகிற ஊராகவே இருக்கிறது.

வரலாற்றுப் புத்தகங்களில் மாத்தளைப் பாதையைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்குப் போதவில்லை. ரயிலுக்கு இது கடைசி ஊர். எங்கள் ஆட்களுக்கு, மலையகத் தமிழருக்கு, இது முதல் ஊர். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கியவர்கள், வன்னிக் காட்டைக் கடந்து, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று சுமார் 150 மைல் நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். மலையைக் கண்ணால் கண்டது இங்கேதான். இங்கிருந்துதான் எந்தத் தோட்டத்துக்கு யார் என்று கங்காணிமார் பிரித்துக் கூட்டிப் போனார்கள். வந்து சேர்ந்தவர்களை விட வழியில் விழுந்தவர்களைப் பற்றித்தான் எங்கள் வீடுகளில் அதிகம் பேசுவார்கள். வாந்திபேதியும் பசியும் ஒரு பக்கம் இருக்க, வறண்ட நாட்டில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததுதான் அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும். கண்டிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் இவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். மாத்தளைக்கு ரயில் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1899இல்தான் இவர்கள் நடந்து வந்த அந்த வடக்குப் பாதை மூடப்பட்டது.

உக்குவளையில் சைக்கிளை நிறுத்தாமல் நான் போவதில்லை. நிறுத்துவது மின்நிலையத்துப் பக்கம், சுது கங்கையில் தண்ணீர் வந்து விழும் இடத்துக்குக் கீழே. அதற்கு மேலே சுது கங்கை ஒரு மலை ஓடை. மழை இல்லாத மாதத்தில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். கீழே வந்து பார்த்தால் கரை முட்ட ஓடுகிறது. வானத்தில் மேகமே இல்லை, மேலே ஓடையில் தண்ணீர் இல்லை, இங்கே மட்டும் ஆறு நிறைந்து கிடக்கிறது. முதல் தரம் வருகிறவர்கள் திகைத்துத்தான் போவார்கள். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "இது இந்த ஆத்துத் தண்ணி இல்ல தம்பி, மகாவலித் தண்ணி. மெஷின் போட்டா ஏறும், நிப்பாட்டினா எறங்கும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. பார்த்து எறங்குங்க."

அவர் சொன்னது சரி. கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள்ளே சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, அந்தத் தண்ணீரை உக்குவளைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே மின்சாரம் எடுத்தபின் சுது கங்கையில் விடுகிறார்கள். 1976 முதல் இது நடக்கிறது. மலையின் மறுபக்கத்தில் ஓடும் ஆறு ஒன்றின் தண்ணீரில்தான் நான் கால் வைத்து நிற்கிறேன் என்பதை ஒவ்வொரு தரமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். தண்ணீருக்கு நல்ல குளிர்ச்சி.

அது இங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் என்னை இந்தப் பாதைக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. மாத்தளையைக் கடந்து சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது. போவத்தன்னையில் மறுபடியும் தேக்கி, ஒரு பங்கை இன்னொரு சுரங்கத்தின் வழியாகத் தம்புள்ளைப் பக்கம் திருப்புகிறார்கள். அது கலாவாவிக்குப் போகிறது. கலாவாவியிலிருந்து மன்னர் காலத்து ஜயகங்கை வாய்க்கால் வழியாக அநுராதபுரத்துத் திசாவாவிக்குப் போகிறது. அநுராதபுரத்தை ஒட்டி ஓடும் மல்வத்து ஓயாவைத்தான் மன்னாரில் அருவியாறு என்கிறோம். அது கடலில் கலப்பது அரிப்புக்குப் பக்கத்தில்.

எங்கள் ஆட்கள் தண்ணீர் இல்லாமல் நடந்து வந்த திசைக்கு எதிர்த்திசையில், ஏறக்குறைய அவர்கள் வந்த வழியாகவே, இன்று மலைநாட்டுத் தண்ணீர் போகிறது. அந்த வறண்ட காணிகள் இன்று வயல்கள். எவ்வளவு பெரிய காரியம்! வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் வெட்டத் தெரிந்த நாட்டில், அந்த வழியில் நடந்து செத்தவர்களுக்கு வழி நெடுக ஒரு மைல்கல்லாவது வைத்திருக்கலாம் என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை கடைசியில் புறப்பட்டு ஆகஸ்ட்டில் வந்து சேர்ந்தார்கள். முன்னோர் நடந்த வழியில் பேரப்பிள்ளைகள் பகிரங்கமாக, பாட்டும் பதாகையுமாக நடந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்கள் வந்து சேர்ந்த இந்த ஊரில்தான், நடந்து வந்தவர்கள் கும்பிடத் தொடங்கிய முத்துமாரியம்மன் இருக்கிறாள். 1983இல் நெருப்பு வைக்கப்பட்ட கோயில் அது. இன்று மாசி மகத்துக்கு ஐந்து தேரும் மாத்தளைத் தெருவில் ஓடுகின்றன.

நடைபயணம் ஒரு தரம் நடந்து முடிந்துவிட்டது. வழி அப்படியே கிடக்கிறது. அதைச் சைக்கிள் பாதையாக அடையாளப்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. உக்குவளை ஆற்றோரத்திலிருந்து தலைமன்னார் வரை, ஊருக்கு ஒரு பலகை, மூன்று மொழியிலும். அந்த இடத்தில் நடந்து வந்தவர்கள் இளைப்பாறிய தங்கல் இருந்தால் தங்கல் என்றும், குளம் இருந்தால் குளம் என்றும் எழுதி, சைக்கிளில் வருகிறவர்களுக்குக் குடிக்க ஒரு குழாய்த் தண்ணீர். மாத்தளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடுமுறையில் கூட்டமாகப் போய்வரட்டும். அதுவரை பொறுத்திருக்க எனக்கு மனமில்லை. வரும் மழைக்காலம் விட்டதும் இரண்டு பேராகப் புறப்படப் பேசி வைத்திருக்கிறோம். நாலந்தாவில் முதல் இரவு, மிகிந்தலைக்குப் போகுமுன் இன்னொன்று, அப்புறம் மதவாச்சி, மன்னார். கூட வர விரும்புகிறவர்கள் பிரேக்கையும் டயரையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.