வாடகைக்கு ஒரு வள்ளம்

எண்பது வயது நிறைவுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் தந்தையாரைக் கேட்டோம். பட்டு வேட்டி, கைக்கடிகாரம், காசிப் பயணம் ஆகிய மூன்றனுள் ஒன்றைச் சொல்வார் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. செம்பூர் வீட்டின் பலகணியில் அமர்ந்திருந்த அவரோ, நாளிதழினின்றும் கண்ணை எடுக்காமலே, "திரேஸ்புரத்துல ஒரு வள்ளம் ஏறி, ஒரு நாள் தூண்டில் போடணும்" என்றார்.

அவர் தூத்துக்குடியை விட்டுப் பம்பாய்க்கு இரயிலேறியது 1966-ஆம் ஆண்டில். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கடலோரத்திலேயே வாழ்ந்தும் கடலில் இறங்காதவர். ஊருக்குப் போகாமல் இல்லை. போனதெல்லாம் திருமணத்திற்கும் இழவுக்கும் பத்திரப்பதிவுக்கும். ஒவ்வொரு முறையும் மாலையில் கடற்கரை வரை நடந்து போய், சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். அந்த நிற்றலின் பொருளை நாங்கள் மூவரும் ஒரு நாளும் கேட்டறிந்ததில்லை.

ஆகவே ஆவலோடு திட்டமிடத் தொடங்கினோம். எங்களுள் இளையவர் தம் அலுவலக நண்பர் ஒருவர் மஸ்கட்டில் படகு பேசிக்கொண்டு மீன்பிடிக்கப் போன கதையைச் சொன்னார். படகு முழுவதும் அன்றைக்கு அவர்களுடையது. தூண்டிலும் இரையும் பனிக்கட்டியும் குளிர்பானமும் படகுக்காரர் பொறுப்பு. பணத்தைக் கொடுத்துவிட்டு ஏறி அமர வேண்டியதுதான். நமக்கும் அப்படி ஒன்றைப் பேசிக்கொள்ளலாம், பணம் ஒன்றுதானே கேள்வி என்று எண்ணினோம். பணம்தான் கேள்வியாயிற்று. ஆனால் நாங்கள் நினைத்த வகையில் அன்று.

முதற்பிழை மாதத்தைப் பற்றியது. சசூன் கப்பல்துறையில் மீன் வாங்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது. ஜூன் பிறந்தால் அங்கே படகுகள் கரையேறும், மீன் விலை ஏறும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனவே மே மாதம் கடலுக்கு நல்ல மாதம், பள்ளி விடுமுறையும் கூடுகிறது என்று இளையவர் பன்னிரண்டு பேருக்கு மதுரை வரை பயணச்சீட்டு எடுத்துவிட்டார். கீழைக்கடலுக்கு நாட்கணக்கே வேறு என்பதை அவர் எண்ணவில்லை, நாங்களுந்தான் எண்ணவில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள்.

சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சித்தப்பா மகனோடு தொலைபேசியில் பேசினோம். திரேஸ்புரத்தில் சொந்த வள்ளம் வைத்துத் தொழில் செய்பவர். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை என்று அவர் சொன்னபோது எங்கள் முகம் மலர்ந்தது. அடுத்த சொல்லில் அது வாடியது. "தடை இல்லாட்டி என்ன, காத்து இருக்குல்லா? மே மாசம் சோழகம் எடுத்துருச்சுன்னா நாங்களே பாத்துத்தான் இறங்குவோம். பெரியப்பாவை வச்சுக்கிட்டா?"

மன்னார் வளைகுடாவின் இயல்பு அது. வடக்கே இராமேசுவரத் தீவும் மணல்திட்டுகளும் அதற்கு அடைப்பு. அவற்றுக்கு அப்பால் இருப்பது பாக்குக் கடல். தெற்கே தடுப்பு ஏதும் இல்லை, பெருங்கடல் நேரே உள்ளே வருகிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வளைகுடா கொந்தளிக்கும், பாக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை வீசும் காலத்தில் இது மாறிவிடும். பாம்பன் மீனவர் இவ்விரண்டையும் தென்கடல், வடகடல் என்பர். காலத்துக்கேற்ப ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவது அவர்தம் வழக்கம். வாடை ஓய்ந்து சோழகம் எழுவதற்கு முன் உள்ள இடைவெளியில்தான் வளைகுடா தெளிந்து அமைதியாக இருக்கும். முற்காலத்தில் முத்துக் குளிப்பை மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நடத்தியதும் இதனால்தான். 1961-க்குப் பின் அந்தக் குளிப்பு நடக்கவில்லை. காற்று மட்டும் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

மார்ச்சில் பிள்ளைகளுக்குத் தேர்வு. பள்ளி ஆசிரியையான எங்கள் தங்கைக்கு அந்த மாதம் ஒரு நாள் விடுப்பும் கிடையாது. மும்பையின் நாட்காட்டியையும் வளைகுடாவின் நாட்காட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். எங்கும் பொருந்தவில்லை. இறுதியில் பிப்ரவரியின் கடைசி வாரம் என்று முடிவாயிற்று. மே மாதச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்ததில் ஏற்பட்ட இழப்பை இளையவர் தாமே ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு பேர் ஐவராகச் சுருங்கினோம்: தந்தையார், நாங்கள் மூவர், மூத்தவரின் மகனான பதினான்கு வயதுப் பேரன்.

நாள் குறிப்பதில் மற்றொரு வேடிக்கை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் மிகும், தூண்டில் நேரே இறங்காமல் இழுபடும், ஆகவே அட்டமியை ஒட்டிப் போவோம் என்றார் தந்தையார். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் அண்ணியார் திகைத்துப் போனார். அட்டமியில் பயணமா? அதிலும் அந்த ஆண்டு அட்டமி செவ்வாயில் வருகிறது! தந்தையார் சிரித்துவிட்டு, "மீனுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாது தாயி" என்றார். அண்ணியார் முழுமனத்தோடு உடன்பட்டார் என்று சொல்ல மாட்டோம். எனினும் சர்க்கரை நோய் மாத்திரைகளையும், நிழலுக்கு ஒரு பெரிய குடையையும், வாந்திக்கு எலுமிச்சம்பழத்தையும் பட்டியலில் முதலில் எழுதியவர் அவரே.

இனிச் சொல்ல வேண்டியது எங்களுக்குச் சற்றுக் கூச்சந் தருவது. அந்தத் தொலைபேசி உரையாடலின் முடிவில் எங்களுள் மூத்தவர், வங்கியில் பணிபுரிந்த பழக்கத்தால் போலும், "ஒரு நாள் வாடகை எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "இது ஆளேத்துற வள்ளம் இல்ல அண்ணே, தொழில் வள்ளம். பெரியப்பாகிட்ட வாடகை வாங்குனேன்னு ஊருல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?" என்ற சொற்கள் மெல்ல வந்தன. சினம் இல்லை, வருத்தமே இருந்தது. வாடகை வேண்டாம், சும்மா வாருங்கள் என்றார்.

தந்தையார் அதற்கு இசையவில்லை. "நாலு பேரு அந்த வள்ளத்தை நம்பிப் பொழைக்கான். ஒரு நாள் என்னைச் சுமந்துக்கிட்டு வேடிக்கை காட்டினா அவனுக பாடு என்னாகும்? காசு வாங்கலேன்னா நான் வரல."

பாடு என்னும் சொல்லைக் கவனித்தோம். கடற்கரையில் அதற்குத் துன்பம் என்பது மட்டும் பொருளன்று. அன்றைய பிடிப்பும் வருவாயும் பாடுதான். அறுபது ஆண்டுகள் பம்பாயில் வாழ்ந்தவர் நாவில் அச்சொல் நேற்றுக் கற்றது போல வந்தது.

இரண்டு வாரங்கள் இந்த முட்டுக்கட்டை நீடித்தது. பணம் வாங்கினால் உறவு கெடும் என்பது அங்கே. வாங்காவிடில் நெறி கெடும் என்பது இங்கே. இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வேறு யாரிடமாவது படகு பேசலாமே என்று இளையவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தந்தையார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அதன்பின் அப்பேச்சு எழவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் ஆண்டுதோறும் திரும்பிப் போகிறோம். பழங்கள் வாங்கிப் போகிறோம், துணிமணி கொடுக்கிறோம், பிள்ளைகள் கையில் பணம் வைக்கிறோம். கொடுப்பவராக மட்டுமே எத்தனை காலம் போய் வருகிறோம் என்று எங்களுக்கு அந்நாட்களில்தான் உறைத்தது.

முடிச்சு அவிழ்ந்தது எதிர்பாராத வழியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் உறவினர் கடலுக்குப் போகாத நாள், தம்பியார் தாமே அழைத்தார். எந்த இடத்தில் தூண்டில் போடுவது என்று பேச்சு வந்தது. கடலடியில் பாறைப்பாங்கான தரையைப் பார் என்பர். விளமீனும் கலவாவும் அங்கே கூடும். தந்தையார் தம் தந்தையோடு பாய் வள்ளத்தில் போன ஒரு பாரைப் பற்றிச் சொல்லலானார். கடலில் இடத்தைக் குறிக்கக் கரையே துணை. மாதா கோயில் உச்சியும் ஓர் உப்புக் கிட்டங்கியின் மூலையும் ஒன்றையொன்று மறைக்கும் வகையில் ஒரு கோடு. கலங்கரை விளக்கமும் தனித்து நின்ற ஒரு பனையும் சேர்ந்து மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரம். நாட்காட்டியின் பின்புறத்தில் அவர் வரைந்தும் காட்டினார். கை நடுங்கியது, கோடுகள் நடுங்கவில்லை.

"கிட்டங்கியை இடிச்சாச்சு பெரியப்பா. பனையும் இல்ல" என்றார் தம்பியார். சற்றுப் பொறுத்து, "எங்க அப்பா அந்தப் பாரைப் பத்திச் சொல்லியிருக்காக. இடந்தான் எங்க யாருக்கும் தெரியல. நீங்க வந்து காட்டுவியளா?" என்று கேட்டார்.

தந்தையார் நிமிர்ந்து அமர்ந்தார். "காட்டுதேன். பங்கு உண்டா?"

"முழுப் பங்கு."

வாடகை வழக்கு அத்துடன் முடிந்தது. நாட்டுப்படகுத் தொழிலில் கூலி கிடையாது, பங்குதான். பிடித்த மீனை ஏலத்தில் விற்று, எண்ணெய், பனிக்கட்டி, சாப்பாட்டுச் செலவு போக எஞ்சியதை வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பாகம், ஏறிய ஆட்களுக்கு ஒரு பாகம் எனப் பிரிப்பர். கணக்கு ஊருக்கு ஊர் சிறிது மாறும். பங்காளியாகப் போகிறவன் செலவில் பங்கேற்பது முறையே. டீசல் செலவில் எங்கள் பங்கைத் தம்பியார் வாங்கிக்கொள்வார். மீன் கிடைத்தால் எங்கள் பங்கை நாங்கள் வாங்கிக்கொள்வோம். எவருக்கும் தலைகுனிவு இல்லை.

மற்றவை விரைவில் முடிந்தன. வள்ளம் மீன்பிடிக்கப் பதிவானது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. ஆகவே வெளியாட்கள் ஏறுவது குறித்துத் தம்பியார் கேட்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேட்டு வைத்தார். அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி, பொழுது சாய்வதற்குள் கரை. தீவில் இறங்கிச் சோறாக்கிச் சாப்பிடலாம் என்று பேரன் கொண்டிருந்த ஆசைக்கு மட்டும் இடமில்லை. வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அங்கே இறங்கவும் கூடாது, மீன்பிடிக்கவும் கூடாது. தந்தையார் சிறுவயதில் வான் தீவின் மணலில் பானை வைத்துக் கஞ்சி காய்ச்சியவர். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டதையும் அந்தக் கல்லால் வீடு கட்டியதையும் கண்டவர். அத்தீவு இன்று பெரிதும் தேய்ந்துவிட்டது. விலாங்குசல்லி நீருக்குள்ளேயே போய்விட்டது. "இறங்கக்கூடாதுன்னு அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார் அவர், பேரனிடம்.

தங்கை வருவதைப் பற்றி அங்கே ஒரு தயக்கம் இருந்தது. தொழில் வள்ளத்தில் பெண்கள் ஏறுவது வழக்கமில்லையாம். பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்க வளைகுடாவில் மூழ்கி எழுகிறார்களே, நான் வெறுமனே உட்கார்ந்து வரக்கூடாதா என்றாள் தங்கை. மறுநாள் தம்பியாரின் மனைவியார் தாமும் வருவதாகச் சொல்லிவிட்டார். வழக்கம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் போய்த் திரும்பியிருப்போம். இதை எழுதும் இன்றோ பயணத்துக்கு ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அடையாளங்கள் நான்கனுள் இரண்டு போய்விட்ட நிலையில் அந்தப் பாரைக் கண்டுபிடிக்க இயலுமா, இழுவை வலைகள் பலமுறை உராய்ந்து போன தரையில் இன்னும் மீன் கூடுமா என்று எங்களுக்குக் கவலை. தந்தையாருக்கு அக்கவலை இருப்பதாகத் தோன்றவில்லை. பலகணியில் அமர்ந்து தங்கூசியைப் பலகையில் சுற்றுகிறார். ஈயக்குண்டைக் கட்டி, அவிழ்த்து, மீண்டும் கட்டுகிறார். பேரன் அருகில் அமர்ந்து முடிச்சைக் கற்றுக்கொள்கிறான். முதன்முதலாகக் கடலேறும் பையனுக்கு அரைப் பங்குதான் என்று அவனிடம் சொல்லியாயிற்று.

"அரைப் பங்குன்னா எவ்வளவு தாத்தா வரும்?" என்று நேற்றுக் கேட்டான்.

"மீன் பட்டாப் பாப்போம். படலேன்னா டீசல் காசுல உன் பங்கு இருக்கு" என்றார்.

பேரன் உண்டியலை எடுத்து எண்ணிக்கொண்டிருக்கிறான்.