ஊதும் மூச்சும் கேட்கும் செவியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடையார்பாளையம் சமீன் அவையை அணிசெய்த இசைவாணர் கனம் கிருஷ்ணையர். அடிவயிற்றிலிருந்து வன்மையுடன் குரலெழுப்பிப் பாடும் ‘கனம்’ என்னும் அரிய முறையில் தேர்ந்தமையால் அச்சொல்லே அவர் பெயருக்கு முன் அடையாயிற்று. உ.வே.சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் அவரிடம் இசை பயின்றார், பின்னாளில் உ.வே.சா. அவ்விசைவாணரின் வரலாற்றை நூலாக எழுதினார். கிருஷ்ணையர் இயற்றிய தமிழ்ப் பதங்கள் இன்றும் மேடைகளில் பாடப்படுகின்றன. ஆனால், அவையைக் கட்டிப்போட்ட அக்குரல் எப்படி ஒலித்தது என்பதை இனி எவரும் கேட்டறிய இயலாது. எடிசன் ஒலிப்பதிவுப் பொறியை உருவாக்கியது 1877இல். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902இல். அதற்கு நெடுநாள் முன்னரே அக்குரல் அடங்கிவிட்டது. சொல் எஞ்சியது, ஒலி எஞ்சவில்லை.

ஒலியை எழுப்புவது ஒரு கலை. எழுந்த ஒலியைக் காப்பது மற்றொரு கலை. முன்னதைச் செய்பவர் மேடையில் போற்றப்படுகிறார். பின்னதைச் செய்பவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார். இவ்விரு பணிகளையும் ஒருவரே ஏற்பது அரிது, எனினும் இயலாததன்று. அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பால், ஒரு பதிவின்மேல் மற்றொரு பதிவை அடுக்கும் முறையைத் தம் வீட்டிலேயே வளர்த்தெடுத்தார். மேரி ஃபோர்டுடன் இணைந்து அவர் 1951இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஒரு கித்தார் பல கித்தார்களாகவும், ஒரு குரல் பல குரல்களாகவும் ஒலித்தன. கலைஞராக அவர் விரும்பிய ஒலியைப் பதிவாளராக அவரே படைத்துக்கொண்டார்.

இவ்விணைப்பின் பயனைச் சாக்சபோன் தெளிவாக உணர்த்தும். பெல்சிய நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற இக்கருவியின் உடல் பித்தளையால் ஆனது. ஒலியோ நாணல் தகட்டின் அதிர்விலிருந்து பிறக்கிறது. அகன்ற வாயிலிருந்தே ஒலி முழுவதும் வெளிவருவதாகக் காண்போர் கருதுவர். உண்மையில், திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் ஒலி வெளிப்படுகிறது. ஒலிவாங்கியை வாயருகே வைத்தால் சில சுரங்கள் முழங்கும்; சில தேயும். சற்றே விலக்கி, கருவியின் நடுப்பகுதியை நோக்கி வைத்தால் சுரங்கள் சீர்பெறும். இதனை ஊதிப் பழகியவர் விரைவில் உணர்வார். அவ்வாறே, பதிவைத் திரும்பக் கேட்கும்போது மூச்செடுக்கும் ஓசையும், விசைகள் தட்டும் ஒலியும், தெளிவிழந்த கமகமும் மறைவின்றிப் புலப்படும். பதிவுக்கூடம் அவருக்கு மற்றோர் ஆசிரியராகிறது.

நாகசுரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்சபோனைக் கேட்டு ஈர்க்கப்பட்டவர். மேலைநாட்டுக் கருவியில் கருநாடக இசையின் கமகங்களை வசப்படுத்த அவர் பல்லாண்டுகள் உழைத்தார். ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘டூயட்’ (1994) திரைப்படத்தின் வழியாக அவ்விசை தமிழகத்தின் சிற்றூர்களையும் எட்டியது. ரகுமானும் விசைப்பலகைக் கலைஞராகத் தொடங்கி, தம் வீட்டு வளாகத்திலேயே பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டவர். கோபால்நாத் 2019இல் மறைந்தார். அவர் மூச்சோ பதிவுகளில் உலவுகிறது.

இரு பணிகளையும் ஏற்பவருக்கு ஒரு சோதனையும் உண்டு. பிழைபட்ட இடத்தை வெட்டி, நன்கு அமைந்த பகுதியை ஒட்டுவது இன்று எளிது. ஆனால், ஆலாபனை அந்தந்த நொடியில் மலர்வது. அதனைத் துண்டு துண்டாக இணைத்தால் குறை நீங்கும்; உயிரும் நீங்கக்கூடும். எங்கே திருத்துவது, எங்கே மீண்டும் முதலிலிருந்து வாசிப்பது என்று முடிவுசெய்யப் பொறியறிவு மட்டும் போதாது. கலைஞனின் மனச்சான்றும் வேண்டும்.

திருமண நாள்களிலும் கோயில் விழாக்களிலும் வாசிக்கும் கலைஞருக்கு, திருமணங்கள் நடவாத ஆடி மாதத்தில் பதிவுப்பணி கைகொடுக்கும். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. உடையார்பாளையம் போன்ற ஊர்களில் நாற்று நடவுப் பாடலும், தாலாட்டும், ஒப்பாரியும் முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. இன்று கைப்பேசியே எளிய பதிவுக்கருவியாகிவிட்டது. பாடுபவரின் இசைவு பெற்று, ஓசையற்ற இடத்தில் அமரச்செய்து, அவர் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்துப் பதிவுசெய்தால், கனம் கிருஷ்ணையரின் குரலுக்கு நேர்ந்த இழப்பு அக்குரல்களுக்கு நேராது.