ஜிப்ஸிக்கு எஸ்டீம் இஞ்சின் வைத்த கதை

எங்க வீட்டு கொல்லையில துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல நசுங்கின தகர டப்பா ஒண்ணு ரொம்ப வருஷமா கிடக்குது. போன வாரம் அக்கா பையன் அதை உதைச்சு விளையாடிட்டு "மாமா, இது என்ன?"ன்னு கேட்டான். எஸ்டீம் காரோட ஆயில் சம்ப்னு சொன்னேன். (ஒர்க்‌ஷாப் பாஷையில் சேம்பர்.) "நம்மகிட்ட எஸ்டீமே இல்லையே?"ன்னான். இல்லைதான். எனக்குக் கொஞ்சம் மானக்கேடான கதை இது, இருந்தாலும் சொல்லிடறேன்.

2008. அப்பாகிட்ட ஒரு ஜிப்ஸி கிங் இருந்தது, 1998 மாடல். ஜவ்வாது மலையில கடுக்காய் வாங்கி வாணியம்பாடி டேனரிகளுக்குப் போடறதுதான் அவர் தொழில். அந்த வண்டி அவருக்கு மூணாவது பிள்ளை மாதிரி. ஒருநாள் ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சது தெரியாம ஓட்டி, இஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டுடுச்சு. புது இஞ்சினுக்கு வழியில்லை.

எங்க மெக்கானிக் பாய்தான் யோசனை சொன்னார். "தம்பி, எஸ்டீம் இஞ்சின் வச்சிடலாம். ரெண்டும் 1298 சிசி, அண்ணன் தம்பி இஞ்சின்." உண்மைதான். ரெண்டுமே சுசுகியோட ஜி13 குடும்பம். எஸ்டீம் உற்பத்தி 2007லேயே நின்னுட்டதால அடிபட்ட வண்டிகளோட இஞ்சின் சல்லிசா கிடைச்சது. பெங்களூர்ல ஒண்ணு பிடிச்சோம், கார்புரேட்டர் மாடல். (ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில புது இஞ்சின் நம்பர் ஏத்தறதுன்னு அலைஞ்சது தனிக்கதை.)

அந்த நேரம் பாய் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டார். போகும்போது, "பழைய இஞ்சினைத் தொடாதே தம்பி. நான் வந்துதான் எது எது மாத்தணும்னு பார்க்கணும்"னு சொல்லிட்டுப் போனார்.

நமக்குத்தான் பொறுமை கிடையாதே. ஒர்க்‌ஷாப் பையனை நச்சரிச்சு மவுண்டிங், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் பழைய இஞ்சின்லேர்ந்து கழட்டி எஸ்டீம் இஞ்சினுக்கு மாட்ட வச்சேன். சம்ப் பத்தி அவன் கேட்டான். "அதான் ஒண்ணு இருக்கே, அதே இருக்கட்டும்"னேன். மிச்சத்தை ஆம்பூர் பழைய இரும்பு வியாபாரிகிட்ட 4,500 ரூபாய்க்குத் தள்ளிட்டேன். கெட்டிக்காரன்னு எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. நல்லாவும் ஓடுச்சு. மூணாம் நாள் அப்பாவை உட்கார வச்சு ஏலகிரி ஏறினேன். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல ஒரு பள்ளத்துல சக்கரம் இறங்கி ஏறினப்போ கீழே 'டங்'குனு ஒரு சத்தம். கல்லுன்னு நினைச்சேன். ரெண்டு வளைவு தாண்டினதும் ஆயில் விளக்கு சிவப்பா எரிஞ்சது. அப்பா "நிறுத்துடா"ன்னார். "மேலே போய்ப் பார்த்துக்கலாம்பா"ன்னேன். அடுத்த வளைவுக்குள்ள இஞ்சின் உள்ளே யாரோ சுத்தியலால தட்டற மாதிரி சத்தம். நின்னுடுச்சு. வெயில்ல ரோட்டோரக் கல்லுல உட்கார்ந்திருந்த அப்பா ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாக்கூட தேவலை.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தப்போ பாய் ஊர்லேர்ந்து வந்திருந்தார். நான் இருந்த கோபத்துல, டீக்கடை ஜனமெல்லாம் பார்க்க, "அண்ணன் தம்பி இஞ்சின்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே பாய்"னு கத்தினேன். அவர் பதில் பேசலை. வண்டிக்கு அடியில படுத்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இங்க வா, பாரு"ன்னார்.

எஸ்டீம்ல இஞ்சின் குறுக்குவாட்டுல உட்காரும். அடியில அச்சு கிடையாது, அதனால சம்ப் இஷ்டத்துக்கு இறங்கியிருக்கலாம். ஜிப்ஸியில இஞ்சின் நீளவாக்குல. அடியில முன் அச்சு முழு இரும்புக் குழாயா, டிஃபரன்ஷியல் குண்டோட, பட்டை ஸ்பிரிங்கோட சேர்ந்து ஏறி இறங்கும். அதுக்கு இடம் விட்டுத்தான் ஜிப்ஸி சம்ப்பை வளைச்சிருப்பாங்க. என் வண்டி சும்மா நிக்கும்போது நடுவுல ஒரு விரல் இடைவெளி இருந்தது. பள்ளத்துல அச்சு மேலே வந்து மோதி, சம்ப் அடிப்பக்கம் உள்வாங்கி, ஆயில் உறிஞ்சுற ஸ்ட்ரெயினர் வாயை அடைச்சிடுச்சு. சம்ப் நிறைய ஆயில் இருந்தும் பம்ப்புக்கு ஏறலை. பேரிங் போச்சு.

"போல்ட் ஓட்டை சேர்ந்துச்சுன்னா போதுமா தம்பி?"ன்னார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆம்பூருக்கு ஓடினேன். நான் வித்த இஞ்சின் உருக்கப் போயாச்சு. அங்கே வேற ஒரு ஜிப்ஸி சம்ப் கிடந்ததுன்னு சந்தோஷமா தூக்கிட்டு வந்தா, பாய் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். அது 970 சிசி பழைய ஜிப்ஸியோடது. அந்த இஞ்சின் எஃப்10 குடும்பம், போல்ட்டே சேராது. இஞ்சின் ஒண்ணா இருந்தா வண்டி வேற, வண்டி ஒண்ணா இருந்தா இஞ்சின் வேற! கடைசியில சென்னை புதுப்பேட்டையில ரெண்டு நாள் அலைஞ்சு ஜிப்ஸி கிங் சம்ப், அதோட ஸ்ட்ரெயினர், டிப்ஸ்டிக் மூணையும் சேர்த்து வாங்கினேன். மூணும் ஒரு செட்டு. சம்ப்பை மட்டும் மாத்தி ஸ்ட்ரெயினரை விட்டா அது அடியில இடிக்கும், இல்லேன்னா ஆயிலுக்கு மேலே தொங்கும். டிப்ஸ்டிக் மாறினா அளவே பொய். நம்ம ஜிப்ஸியோட உடன்பிறப்பான சாமுராய்க்கு அமெரிக்காவுல 1.6 இஞ்சின் வைக்கிறவங்களும் சாமுராயோட சொந்த சம்ப்பையும் ஸ்ட்ரெயினரையும்தான் கழட்டி மாட்டுவாங்களாம், பிற்பாடு படிச்சேன்.

மாட்டற அன்னிக்கு பாய் வீட்டுலேர்ந்து சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கொண்டு வந்தார். ஸ்ட்ரெயினர் அடியில அப்பி, சம்ப்பை வச்சு அழுத்தி, மறுபடி கழட்டினார். நசுங்கின மாவோட கனத்தை ஸ்கேல்ல அளந்தார். கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. "இப்ப சரி"ன்னார்.

"பாய், அன்னிக்கு ரோட்டுல..."ன்னு ஆரம்பிச்சேன்.

"பதினாலு ஸ்பேனர் எடு"ன்னார்.

பேரிங் வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன்னுட்டார். அப்பாதான் அவர் சட்டைப் பையில திணிச்சுட்டு வந்தார். அந்த வாரமே ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு ஏலகிரி போய் வந்தாங்க.