மன்னிக்கும் உரிமை யாருடையது?

வகுப்பில் ‘செங்கோன்மை’ அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நாம் தயங்கி நிற்பதுண்டு. கொலைஞரை வேந்தன் ஒறுப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். சென்ற பருவத்தில் மாணவர் ஒருவர் எழுந்து, “கொன்றவன் வேந்தனுடைய படைவீரனே என்றால் களையெடுப்பவர் யார் ஐயா?” என்று வினவினார்.

உடனே நம் நினைவுக்கு வந்தது மிருசுவில். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிச் சிற்றூர் அது. போரால் இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர், விட்டு வந்த வீடுகளைப் பார்த்துவர 2000 டிசம்பர் 19 அன்று அங்குச் சென்றனர். படையினரிடம் சிக்கிய அவர்களுள் எண்மர் கொல்லப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களுள் ஒன்று. காயத்தோடு தப்பிய ஒருவரின் வாக்குமூலமே வழக்காயிற்று. அவர் மட்டும் தப்பியிராவிடில் அந்தப் புதைகுழி இன்றும் மண்மூடியே கிடந்திருக்கும்!

விசாரணை இராணுவ மன்றத்தில் அன்று, கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட படையினர் ஐவருள் நால்வர் விடுவிக்கப்பட்டனர். சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லையாதலால், அத்தீர்ப்பின் பொருள் நடைமுறையில் சிறைவாசமே. அதுவும் நீடிக்கவில்லை. 2020 மார்ச்சில் அதிபர் கோத்தபாய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்பளிக்குமுன் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதியமைச்சரின் பரிந்துரை ஆகியவற்றைப் பெறவேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பு. அந்த வரிசையில் குழந்தையை இழந்த வீட்டாருக்கு இடமில்லை.

அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலுமா? அதே 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று நம் தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் கல்விச் சுற்றுலாப் பேருந்து கொளுத்தப்பட்டு, வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் கருகினர். இங்கே கொன்றவர்கள் படையினரல்லர், கட்சிக்காரர்கள். 2007இல் மூவருக்கு மரண தண்டனை. 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2016இல் அந்நீதிமன்றமே, கும்பல் வெறியில் நிகழ்ந்தது எனக் கருதி, ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, மூவரும் விடுதலையாயினர். அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் நம் பேச்சு தானே நின்றுவிடுகிறது.

தூக்குக் கயிற்றை வேண்டுவோர் அல்லோம் நாம். 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஏற்கவே மனம் முனைகிறது. விடுதலைகளே உறுத்துகின்றன. இதனை நம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கிசாஸ் சட்டத்தை எடுத்துரைத்தார். அதன்படி, கொன்றவனை மன்னிக்கும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுடையது. ஈட்டுத்தொகை பெற்றும் மன்னிக்கலாம், பெறாமலும் மன்னிக்கலாம். “செல்வர் விலைகொடுத்துத் தப்பவும், எளியோரை மிரட்டி மன்னிப்புப் பெறவும் அது வழியாகாதா?” என்றோம். “ஆகும்தான்” என்று ஒப்புக்கொண்டார். சற்றுப் பொறுத்து, “ஆனால் தம்பி, அங்கே அந்தத் தாயின் வாசலுக்குப் போய் நின்றாக வேண்டும்” என்றார்.

அடுத்த வகுப்பில் குறளையும் அவர் சொல்லையும் ஒருங்கே மாணவர்முன் வைத்தோம். வினவிய மாணவர் இரண்டையும் தம் ஏட்டில் குறித்துக்கொண்டார்.