வீடு யார் பெயரில்?

எனக்கு வயது 49. சொத்து முகவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் இரண்டு தாள்கள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு சிரிப்பு வரும். “லைசென்ஸ் எடுத்துட்டா அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது!” என்றார் கீழ்த்தளக் காப்பிக் கடையில் சந்தித்த பழைய அண்டை வீட்டுக்காரர். உண்மையில் லைசென்ஸ் முகவை நிறுவனத்துக்குத்தான். தனிமனிதர் தேர்வில் தேறி, அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, அதன் வழியாகப் பதிவு பெற வேண்டும். பதிவு எண் இல்லாமல் ஒரு வீட்டைக்கூடக் காட்டக் கூடாது. இதுவே முதல் வகுப்பில் சொல்லித் தந்த பாடம்.

கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பு வந்தது. அந்தக் கதை இங்கே பலருக்கும் தெரிந்த கதை என்பதால் நீட்டவில்லை. முகவராக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், சாதாரண நிலைத் தேர்வில் நான்கு பாடங்களிலாவது தேறியிருக்க வேண்டும், குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் தேசிய சேவை முடித்த பையனும் இருந்தான், அறுபதை நெருங்கிய டாக்சி ஓட்டுநரும் இருந்தார். இடைவேளையில் அவர்தான் எல்லாருக்கும் வறுத்த கடலை தருவார்.

கேள்விகள் எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. சுலபம் என்று நினைக்க வேண்டாம். நான்கில் இரண்டு விடைகள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். “வேண்டும்”, “லாம்” என்ற அளவில்தான் வித்தியாசம். பாடம் முழுக்கச் சட்ட ஆங்கிலம் வேறு. அதனால் புத்தக ஓரத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ‘என்கம்பரன்ஸ்’ என்ற சொல்லைப் பத்து முறை படித்தும் மனத்தில் நிற்கவில்லை. சொத்தின் மேல் வேறொருவருக்கு உள்ள பிடிமானம், அடமானம் போன்றவை என்று அம்மாவிடம் விளக்கினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, “வில்லங்கம்னு சொல்லேன்” என்றார். அவ்வளவுதான், மறக்கவே இல்லை. ஊரில் நிலம் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். நாம் அந்தச் சொல்லை வம்பு என்ற பொருளுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

முத்திரை வரிக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. 500,000 வெள்ளி வீட்டுக்கு, முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2, மீதி 140,000க்கு 3. ஆக 9,600 வெள்ளி. கணக்குப் பிரிவுக்காரிக்கு இதெல்லாம் பலகாரம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு பாடம்.

ஒரு வீட்டை இருவர் சேர்ந்து வாங்கும்போது இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்து எழுதியிருப்பார்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். மற்றொன்று கூட்டு உரிமை. அதில் தனித்தனிப் பங்கு கிடையாது. ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் உயிரோடு இருப்பவருக்குத் தானாகவே சேர்ந்துவிடும். உயில் எழுதியிருந்தாலும் அது அங்கே செல்லாது.

என் பெற்றோர் 1986ல் ஈசூனில் வீவக வீடு வாங்கியது இந்த இரண்டாவது முறையில்தான். அப்பா 2017ல் தவறினார். வீடு அம்மா பெயருக்கு மாறியது. “அப்பாவோட பாதியில எனக்குப் பங்கு இருக்கு” என்று அண்ணன் அன்று ஒரு வார்த்தை சொன்னார். அம்மாவுக்கு அது பெரிய அடி. ஒரு வருடம் போல அண்ணன் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. தீபாவளிப் பலகாரத்தைக்கூட என் மகனிடம்தான் கொடுத்தனுப்பினார்கள்.

தேர்வுத் தாளில் அண்ணனின் பேச்சு ஒரு தவறான விடை. அப்பாவுக்குத் தனியாகப் பாதி என்று ஒன்று இருக்கவே இல்லை. இறப்பை நில ஆணையத்தில் பதிந்ததும் அம்மா ஒருவரே உரிமையாளர். ஆனால் எனக்குத் தெரிந்த இன்னொரு விவரம் எந்தப் பாடத்திலும் இல்லை. அப்பாவுக்கு வேலை போன இரண்டு வருடம் மாதத் தவணையைக் கட்டியது அண்ணன்தான். தேசிய சேவை முடித்து வந்த கையோடு வேலைக்குப் போனவர், மேற்படிப்பு படிக்கவில்லை. அவர் கேட்டது சட்டப்படியான பங்கையா, அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு நல்ல வார்த்தையையா என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்.

போன மாதம் அண்ணன் வந்திருந்தபோது மேசையில் கிடந்த குறிப்பேட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்திலேயே நிறுத்தினார். நான் எதுவும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, “சரி, அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆகும்?” என்று கேட்டார்.

இது நல்ல கேள்வி. அம்மா இப்போது தனி உரிமையாளர் என்பதால் அவர் உயில் எழுதலாம். எழுதாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளான எங்கள் இருவருக்கும் சரிபாதி. ஆனால் எங்கள் இருவருக்குமே வீவக வீடு இருக்கிறது. ஒருவர் இரண்டு வீவக வீடுகளை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருநாள் அந்த வீடு விற்பனைக்குத்தான் வரும்.

அங்கேதான் அடுத்த பாடம் வந்து நிற்கிறது. 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. இந்தியர், பிற இனத்தவருக்கு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12. சீனர்களுக்கு 87, 84. மாதத்தின் முதல் நாளில் நிலவரம் புதுப்பிக்கப்படும். அம்மாவின் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தது. அப்படி இருக்கும்போது ஒரு சீனர் இன்னொரு சீனருக்கு விற்கலாம். நாங்கள் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்கள் எண்ணிக்கை குறையும்; விலையும் பெரும்பாலும் அதற்கேற்பக் குறையும்.

இந்தக் கொள்கை எனக்குப் பிடித்ததுதான். மாடிப்படியில் மூன்று மொழியும் கேட்டு வளர்ந்தவள் நான். எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக் கையால் ரெண்டாங் சாப்பிட்டும், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் மாண்டரினில் எண்ணக் கற்றும் வளர்ந்தேன். அதற்கு ஒரு விலை உண்டு என்பதும், அதைச் சில நேரங்களில் சிறுபான்மைக் குடும்பங்கள்தான் கூடுதலாகக் கொடுக்கின்றன என்பதும் உண்மைதான். நாளை ஒரு மணியம் குடும்பமோ ஒரு அகமது குடும்பமோ என்னிடம் வந்து, “ஏன் எங்களுக்கு மட்டும் ஆள் வரமாட்டேங்கிறாங்க?” என்று கேட்டால், முதல் நாளிலேயே இதை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் காத்திருந்து அலுத்த பிறகு சொல்வதில் பயனில்லை.

நடத்தை விதிகளைப் படிக்கும்போது என் மாமாவின் நினைவு வரும். தொண்ணூறுகளில் அவர் வீடு மாறியபோது ஒரே தரகர் இரண்டு பக்கமும் பேசினார், இரண்டு பக்கமும் தரகு வாங்கினார். முன்பணமும் அவர் சட்டைப் பையில்தான் போனது. 2010ல் சொத்து முகவர் சட்டம் வந்து, அதன் விதிகள் இதையெல்லாம் நிறுத்தின. ஒரே பரிவர்த்தனையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒருவரே முகவராக இருக்க முடியாது. வீடு வாங்கும், விற்கும் பணத்தை முகவர் கையால் தொடக் கூடாது. அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் மாமாவுக்கு எவ்வளவோ மனக்கஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மாதிரித் தாள் போடுகிறேன். மறுவிற்பனை வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரத்துக்கு 21 நாள் கெடு, கடைசி நாள் மாலை 4 மணியோடு முடியும். அதற்கான கட்டணம் 1,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. பல் துலக்கும்போதுகூட இதுதான் ஓடுகிறது. அம்மா தொலைபேசியில் கேள்வி கேட்டுப் பார்ப்பார். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் என் தமிழ்க் குறிப்புகளின் நகல் ஒன்று அவரிடம் இருக்கிறது.

உயில் எழுத அம்மா சம்மதித்துவிட்டார். என்ன எழுதப் போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கறிஞரைப் பார்க்கிறோம். அண்ணன் அரை நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். அவர் காரில்தான் போகிறோம்.