ஒரே ஆய்வேடு, இரண்டு சான்றிதழ்

போன மாதம் உறவுக்காரத் திருமணம் ஒன்றில் மாமா என்னைத் தம் நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தினார். "எங்க அக்கா மக. ரெண்டு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கு. ஒன்னு இங்க, ஒன்னு பிரான்ஸ்ல!" பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மறுத்துப் பேசினால் மாமாவின் முகம் வாடிவிடும். இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

உண்மையில் நான் ஓர் ஆய்வேடுதான் எழுதினேன். ஒரு முறைதான் தேர்வுக்கு நின்றேன். அந்த ஒரே ஆய்வேட்டுக்கு இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தன. இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோட்யூட்டெல்'. ஒரு பிள்ளைக்கு இருவர் சேர்ந்து காப்பாளராக இருப்பது என்று பொருள் சொல்லலாம்.

காப்பாளர் இருவர் என்றால் பிள்ளைக்குக் கவலையில்லை என்று நினைப்போம். ஆனால் "அவர் சோறு போட்டிருப்பார்" என்று இருவருமே நினைத்துவிட்டால் பிள்ளை பட்டினி கிடக்கும். எனக்கு இரண்டும் நடந்தன. "என் மகளையும் அப்படி அனுப்பலாமா?" என்று கேட்கும் பெற்றோர் அதிகமாகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சாலையும் ஒற்றையடிப் பாதையும்

இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டம் கொடுப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சிங்கப்பூரில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி 2007ஆம் ஆண்டில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே மருத்துவம் முடிப்பவர்களுக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டம் தருகின்றன. முதுகலை படிக்க விரும்புவோருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டம் 2004 முதல் இருக்கிறது. இவை தார் போட்ட சாலைகள். விதிகளை யாரோ முன்பே எழுதி வைத்திருப்பார்கள். தேர்வானால் ஏறி உட்கார்ந்து போகலாம்.

நான் போனது ஒற்றையடிப் பாதை. ஒரே ஒரு மாணவருக்காக இரண்டு பல்கலைக்கழகங்கள் தனியாக ஓர் ஒப்பந்தம் போடும். பாதையை வெட்டுவதும் அந்த மாணவர்தான், நடப்பதும் அவர்தான்.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா 2018 வரை முப்பது ஆண்டுகள் மரம் சீவினார். அவர் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நம் நாட்டு ரப்பர் மரங்களில் ஒரு புது நோய் தலைகாட்டியது. இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழும். வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை இலை உதிர்க்கும் மரம், மறுபடி மறுபடி உதிர்க்கும். இலை இல்லாவிட்டால் மங்கில் பால் ஏது? அந்த நோய்க்குக் காரணமான பூஞ்சைதான் என் ஆய்வு.

இங்கே மரமும் தோட்டமும் இருந்தன. பூஞ்சையின் மரபணுவை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் தென் பிரான்சில் ஒரு நகரத்தில் இருந்தது. இரு பேராசிரியர்களும் ஒரு கருத்தரங்கில் சந்தித்து, சேர்ந்தே என்னை வழிநடத்துவதாகக் கை குலுக்கிக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் இங்குள்ள அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டேன். 36 மாதங்களுக்கு உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

கை குலுக்க ஒரு நிமிடம். ஒப்பந்தம் கையெழுத்தாகப் பதினொரு மாதம்.

சம்பந்தம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரு வீட்டாரும் மரியாதையாகப் பேசுவார்கள். யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள், நாளும் குறிக்கமாட்டார்கள். அப்படித்தான் இருந்தது. இங்கே சட்டப் பிரிவு பார்க்க வேண்டும், பிறகு செனட், பிறகு துணைவேந்தர். அங்கே ஆகஸ்டு பிறந்தால் அலுவலகமே காலி. எந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில்தான் இருக்கும். ஒப்பந்தம் வராததால் இரண்டு பக்கமிருந்தும் பில் வந்தது. பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 380 யூரோ, ஏறக்குறைய 1,800 ரிங்கிட். பெரிய தொகை இல்லை என்பார்கள். மாதச் செலவை எண்ணி எண்ணி வாழும் மாணவருக்கு அது பெரிய தொகைதான்.

ஒரு வார்த்தை கொடுத்த விமானச் சீட்டு

ஒப்பந்தம் இழுத்துக்கொண்டிருந்தபோது பிரான்சில் முனைவர் பட்டப் பிரிவின் செயலாளர் என்னோடு காணொளியில் பேசினார். ஐம்பது வயதிருக்கும். அங்கே எல்லாரும் அழைப்பதுபோல் நானும் 'மதாம்' என்றே அழைத்தேன். வரைவைப் படித்துக்கொண்டே வந்தவர், திடீரென்று கேட்டார். "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"அம்மா, ஒரு தம்பி. தம்பி ஜொகூரில் இருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான்."

"அப்படியென்றால் அம்மா தனியாக இருக்கிறார்."

ஒப்பந்தத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. வரைவில் "குறைந்தது 12 மாதம் பிரான்சில் தங்க வேண்டும்" என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் "தொடர்ச்சியாகவோ பகுதி பகுதியாகவோ" என்று அவர் சேர்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023 ஜனவரியில் பிரான்சுக்குப் போனேன். நான் போனேன், என் இலைகள் வரவில்லை. நம் நாட்டில் உயிரியல் வளங்களை எடுப்பதற்கும் அவற்றின் பலனைப் பகிர்வதற்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி அனுமதி வாங்கிய பிறகே காய்ந்த இலையும் அதிலுள்ள பூஞ்சையும் கடல் தாண்டலாம். எங்கள் ஒப்பந்தத்தில் என்னைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இலையைப் பற்றி ஒரு வரி இல்லை. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் தோட்டங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கதையை நினைத்துக்கொண்டு என் அறுபது இலைகளுக்காக நான்கு மாதம் காத்திருந்தேன். சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. அது இருக்க வேண்டிய சட்டம். முன்கூட்டியே யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இலைகள் வந்து வேலை சூடு பிடித்த நேரத்தில், ஜூலையில், தம்பி அழைத்தான். "க்கா, அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பாம். ஆபரேஷன்னு சொல்றாங்க."

மதாமிடம் போய் நின்றேன். அழுதேனா என்று நினைவில்லை. அவர் ஒப்பந்தத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். "பகுதி பகுதியாக. நீ போகலாம். எந்த அனுமதியும் வேண்டாம், எனக்கு ஒரு மின்னஞ்சல் போதும்." உபகாரச் சம்பளம் கொடுத்த தரப்பு ஏன் திரும்பி வந்தாய் என்று விளக்கம் கேட்டபோதும் அதே வரியைத்தான் அனுப்பினேன். ஏழு வாரம் அம்மாவோடு இருந்தேன். அவர் கைத்தடி பிடித்து நான்கு எட்டு நடந்த மறுநாள் பிரான்சுக்குக் கிளம்பினேன்.

எழுதாமல் விட்ட வரி

எழுதிய ஒரு வரி என்னை அம்மாவிடம் சேர்த்தது. எழுதாத ஒரு வரி மூன்று மாதச் சம்பளத்தைத் தின்றது.

பிரான்சில் 2016 மே 25 தேதியிட்ட அமைச்சக ஆணை ஒன்று இப்படிப்பட்ட கூட்டு ஆய்வுக்கான விதிகளைச் சொல்கிறது. இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு வாய்மொழித் தேர்வுதான் நடக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருந்தார்கள். யாருடைய முறைப்படி என்பதை மட்டும் எழுதவில்லை.

இங்கே ஆய்வேட்டை ஒப்படைத்து, வைவாவில் உட்கார்ந்த பிறகு, சிறிய திருத்தம், பெரிய திருத்தம் என்று முடிவு சொல்வார்கள். அங்கே வெளியிலிருந்து வரும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் முதலில் ஆய்வேட்டைப் படித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் தேர்வு நடத்த அனுமதியே கிடைக்கும். இங்குள்ள பாரத்தில் 'பெரிய திருத்தம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே அப்படி ஒரு முடிவே கிடையாது. 2024 ஏப்ரலில் இது வெளியே வந்தபோது இரண்டு அலுவலகங்களும் ஒரே பதிலைச் சொன்னன: "அந்தப் பக்கம் கேளுங்கள்." இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஆய்வேட்டைத் தேர்வாளர்களுக்கு அனுப்ப முடியாது. செப்டம்பரோடு என் உபகாரச் சம்பளம் முடிகிறது.

படிப்பை விட்டுவிடலாம் என்று நான் நினைத்த ஒரே காலம் அதுதான்.

பேராசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். கடிதம் கோப்பில் தூங்கியது. கடைசியில் வழி பிறந்தது இரண்டு பெண்களால். ஒருவர் மதாம். மற்றவர் இங்குள்ள பட்ட மேற்படிப்பு அலுவலகத்தின் எழுத்தர். மாணவர் எல்லாரும் 'காக்' என்று அழைக்கும் மலாய்க்கார அம்மையார். "அடேக், அந்தப் பிரெஞ்சுக்கார அம்மாவோட நம்பரைக் குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, மதாமுக்கு மலாய் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. கூகல் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு, நான் ஓரமாக உட்கார்ந்திருக்க, நான்கு முறை காணொளியில் பேசினார்கள். எந்தக் கட்டத்துக்கு எது சமம் என்று ஒரு பக்க அட்டவணை போட்டார்கள். அந்த ஒரு பக்கம்தான் பிறகு இணைப்பு ஒப்பந்தமாகக் கையெழுத்தானது.

தேர்வு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. இடையில் சம்பளம் இல்லாத மூன்று மாதம். நான் கேட்காமலே தம்பி பணம் அனுப்பினான். "மூனு மாசம்தானேக்கா. ஓ.டி. பார்த்துக்குறேன்." விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டுகிறவன் அவன். இந்தப் பட்டத்தின் செலவுக் கணக்கில் இரண்டு பல்கலைக்கழகங்களும் எழுதாத வரி அது.

கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

பிள்ளையை அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். நான் கற்ற பாதி வித்தை அந்த ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தத்தைப் பிள்ளையே முழுதாகப் படிக்க வேண்டும். கட்டணம் எந்த ஆண்டு எங்கே? தங்கும் காலம் தொடர்ச்சியா, பிரித்து எடுக்கலாமா? தேர்வு யார் முறைப்படி, திருத்தம் யார் பொறுப்பு? ஒரு மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் யார்? மாதிரிகளும் தரவுகளும் யாருக்குச் சொந்தம், எந்த அனுமதி வேண்டும்? உபகாரச் சம்பளம் முடிந்த பிறகும் படிப்பு நீண்டால் என்ன ஏற்பாடு? அரசாங்க வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்று எம்கியூஏவிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று நானும் தயங்கினேன். கேட்டிருக்க வேண்டும். கூடவே, இரண்டு அலுவலகத்திலும் கோப்பைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் வைவா மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும். பிரான்சில் அது பொது நிகழ்ச்சி. யாரும் வந்து உட்காரலாம். அங்கே மதியம் இரண்டு மணி, இங்கே இரவு ஒன்பது. தம்பி லீவு போட்டு வந்து டிவியில் இணைப்புக் கொடுத்திருந்தான். மாமா வீட்டாரும் வந்திருந்தார்களாம். ஆய்வேடு ஆங்கிலத்தில், சுருக்கம் மலாயில், நீண்ட சுருக்கம் இன்னொன்று பிரெஞ்சில். அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த மொழி இதில் எதுவும் இல்லை. ஆனாலும் நள்ளிரவுவரை எழுந்திருக்கவில்லையாம்.

முடிவு சொன்ன பிறகு, ஆய்வில் நேர்மையாக நடப்பேன் என்று எழுந்து நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். 2023 முதல் அங்கே அது கட்டாயம். சொல்லிவிட்டு வெளியே வந்து அம்மாவை அழைத்தேன்.

"என்னமோ சத்தியம் பண்ணுனியே, என்ன அது?"

"பொய் எழுத மாட்டேன்னு சொன்னேம்மா."

"அதுக்கு எதுக்குச் சத்தியம்?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் படத்துல மூனாவதா ஓர் எலை காட்டுனியே. வேலைய விடறதுக்கு முன்ன என் நெரையில அந்த மாதிரிதான் கொட்டிக் கெடந்துச்சு. கங்காணிகிட்ட சொன்னேன், வெயிலுன்னுட்டாரு. அதுக்குப் பேரு என்ன?"

"பெஸ்டலோஷியாப்சிஸ்."

இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. "சரி, நீயே வெச்சுக்க" என்று சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.