நெமிலிச்சேரியும் ஆகாயமும்

நெமிலிச்சேரிக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது, சொல்கிறேன்.

பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் ஊர் இது. வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையை 2014-ல் இதுவரை திறந்தார்கள். பூந்தமல்லி வழியே மீனம்பாக்கம் போவது சுலபமாயிற்று. ஆனால் அந்தச் சாலை வருவதற்கு முன்பே, நான் சொல்ல வந்த விமானங்கள் நின்றுவிட்டன!

மதுரை ஜவுளிக் குடும்பம் ஒன்று 2005-ல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸைத்தான் சொல்கிறேன். பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் விமானங்கள். பக்கத்துக்கு இரண்டே இருக்கை. நடுவில் அகப்பட்டு இரண்டு முழங்கைகளிடம் இடிபட வேண்டாம். கைக்குழந்தைக்காரிகளுக்கு அதன் அருமை தெரியும்!

சென்னைதான் அதற்கு அச்சு. மதுரை, கோவை, கொச்சி, திருவனந்தபுரம், ஐதராபாத் எல்லாம் ஆரக்கால்கள். மதுரைக்காரர் ஐதராபாத் போகச் சென்னையில் விமானம் மாறினால் போதும். ஊருக்கு ஊர் தனி விமானம் விட வேண்டாம். கொஞ்சம் விமானங்களிலேயே நிறைய ஊர்களை இணைத்துவிடலாம். நல்ல சிக்கனம்தான்.

விமானங்களோ வாடகைக்கு எடுத்தவை. சொந்தக்காரர்களோடு வழக்கு மூண்டது. 2010-ல் சக்கரமே நின்றது. அச்சு முறிந்தால் ஆரக்கால் ஒன்று மட்டும் தனியே ஓடுமா?

நம் வீட்டுச் சக்கரமும் ஒருத்தியைச் சுற்றித்தானே ஓடுகிறது? அவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று காப்பிப் பொடி டப்பா எங்கே என்று யாருக்காவது தெரிகிறதா? வீட்டில் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள், சகோதரிகளே!